சிரித்தவர்களுக்குத் தண்டனை இல்லை

நித்திலன் சாமிநாதனின் 'மகாராஜா' (2024) படத்தில் ஒரு சவரத் தொழிலாளி காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுக்கிறான். வீடு புகுந்து தன்னை அடித்துப் போட்டுவிட்டு மூன்று பேர் லட்சுமியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்கிறான். லட்சுமி யார் என்று விசாரிக்கிறார்கள். குப்பைத் தொட்டி. இரும்பில் செய்த, பழைய குப்பைத் தொட்டி. காவலர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அவனைக் கதையைத் திரும்பச் சொல்லவைக்கிறார்கள். அவனும் அதே தட்டையான குரலில் திரும்பச் சொல்கிறான். அடிக்கிறார்கள், வெளியே தள்ளுகிறார்கள். அவன் மறுபடி வந்து நிற்கிறான். புதுக்கோட்டையில் இதைப் பார்த்தபோது தியேட்டர் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். என் சிரிப்பு மற்றவர்களுடையதைவிட உயர்ந்த ரகம் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

படத்தின் பின்பகுதி இந்தச் சிரிப்பைக் கசக்க வைக்கிறது. தொட்டி சாக்குதான். மகாராஜாவின் மகளுக்கு நேர்ந்த கொடுமையில் இரண்டு பேரை அவன் கண்டுபிடித்துவிட்டான். மூன்றாமவனைக் கண்டுபிடிக்கத்தான் நாள் தவறாமல் அடி வாங்கிக்கொண்டு ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறான். இது தெரிந்ததும் நாம் எதற்குச் சிரித்தோம் என்று உடம்பு ஒரு முறை கூசுகிறது. இந்தக் கூச்சம்தான் படத்தின் சாதனை என்று பலரும் சொன்னார்கள். நானும் வீட்டுக்கு வரும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தியமூர்த்தி சாலையும் கீழ ராஜ வீதியும் கடந்து திருக்கோகர்ணம் வந்து சேர்வதற்குள் வேறொரு சந்தேகம் கிளம்பிவிட்டது. நான் கூசியது எதற்காக? ஒரு அசடனைப் பார்த்துச் சிரித்ததற்காகவா, அல்லது அசடன் அல்லாத ஒருவனை அசடன் என்று தப்பாக எடை போட்டதற்காகவா? இரண்டும் ஒன்றில்லை. இரண்டாவது வெறும் கணக்குப் பிழை. வங்கியில் தினமும் நடப்பது. அடித்துத் திருத்திச் சுருக்கொப்பம் போட்டால் தீர்ந்தது.

உண்மையிலேயே ஒருவன் குப்பைத் தொட்டிக்காகத்தான் வந்திருந்தால்? தன் குழந்தையின் உயிரைக் காப்பாற்றிய தொட்டி அது, அதற்காக மட்டும், வேறு ரகசியம் எதுவும் இல்லாமல், அவன் அந்த ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தால்? அவனைப் பார்த்துச் சிரித்ததற்குப் படம் நம்மைக் கூசவைத்திருக்குமா? வைத்திருக்காது என்றே நினைக்கிறேன். முட்டாள் என்பது ஒரு முகமூடி, அதற்குள் ஒரு வீரன் இருக்கிறான் என்று தெரிந்த பிறகுதான் பழிவாங்கும் உரிமம் அவனுக்கு வழங்கப்படுகிறது. முகமூடி இல்லாத முட்டாள்கள் பழையபடி நம் சிரிப்புக்குரியவர்களாகவே தியேட்டருக்கு வெளியே காத்திருக்கிறார்கள். இன்னொன்று. முதல் பாதி முழுவதும் அவனை ஏளனம் செய்து, அவனிடமே லட்சக்கணக்கில் பேரம் பேசிய இன்ஸ்பெக்டர், உண்மை தெரிந்ததும் மனம் மாறி, குற்றவாளியை அவன் கையில் ஒப்படைக்கிறார். அவர் மூலமாகப் பார்வையாளர்களாகிய நாமும் மன்னிக்கப்பட்டுவிடுகிறோம். செலவில்லாத மன்னிப்பு.

இதை 'மகாராஜா'வின் குறையாக மட்டும் சொல்லிவிட முடியாது. எள்ளப்பட்டவன் திருப்பி அடிப்பதை ஹாஸ்யமாகவும் குரூரமாகவும் ஒரே சமயத்தில் சொல்ல முயன்ற நம் படங்கள் எல்லாவற்றிலும் இந்தச் சௌகரியம் இருக்கிறது. இவற்றில் மிகத் திறமையானதும், அதனாலேயே மிகவும் விசாரிக்கப்பட வேண்டியதும் 'அபூர்வ சகோதரர்கள்' (1989).

சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கிய அந்தப் படத்தை எங்கள் தலைமுறை தியேட்டரில் பார்க்கவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தொலைக்காட்சியில் பார்த்து மனப்பாடம் செய்தது. சர்க்கஸ் கோமாளி அப்பு, உயரம் குன்றியவன். முதலாளியின் மகள் தன்னை விரும்புகிறாள் என்று நம்புகிறான். அவள் வேறொருவனை மணக்கப் போகிறாள், தன்னிடம் கேட்டது அந்தத் திருமணத்துக்கான உதவியைத்தான் என்று தெரிகிறது. உலகத்தில் எந்தக் கோமாளிக்கும் நடக்கக்கூடியது இது. இங்கே படம் ஒரு தீவிரமான கேள்வியின் வாசலில் நிற்கிறது. அவளிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவன் காதலிக்கக்கூடியவன் என்ற எண்ணமே அவளுக்கு எழவில்லை, அவ்வளவுதான். தன்னை மனிதனாகவே கணக்கில் சேர்க்காத இந்த வெகுளித்தனமான அன்பை அப்பு யாரிடம் போய்ப் பழிவாங்குவது? அவன் யார்மீதும் பாயவில்லை. சாகப் போகிறான்.

அந்த நிமிஷத்தில் அம்மா வந்துவிடுகிறாள். நீ பிறவியில் குள்ளன் இல்லை, வயிற்றில் இருந்தபோது எனக்கு விஷம் கொடுத்தார்கள், உன் தகப்பனைக் கொன்றார்கள், நான்கு பேர், என்று சொல்கிறாள். அப்புவுக்கும் நமக்கும் ஒரே சமயத்தில் மூச்சு வருகிறது. இனி யாரைக் கொல்ல வேண்டும் என்பது தெளிவு. அவமானம் இருந்த இடத்தில் இப்போது குடும்பக் கடன் வந்து உட்கார்ந்துவிட்டது. அப்புவின் உயரத்தைப் பார்த்து வாழ்நாள் முழுவதும் சிரித்தவர்கள், சர்க்கஸ் கூடாரத்தில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருந்தவர்கள், அந்தப் பெண், அவள் வீட்டார், எல்லோரும் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம். தருமராஜும் மற்ற மூவரும் எல்லோருக்குமாகச் சேர்த்துச் சாவார்கள்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன். பண்டிதர்கள் பொறுக்க வேண்டும். நகைக்குச் சொல்லப்படும் நான்கு காரணங்களில் ஒன்று எள்ளல். அழுகைக்குச் சொல்லப்படும் நான்கில் ஒன்று இளிவு, அதாவது பிறரால் இகழப்பட்டுத் தாழ்ந்துபோவது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரே சம்பவத்தின் இரண்டு முனைகள் தெரிகின்றன. தெருவில் ஒருவனை எள்ளுகிறார்கள்: எள்ளியவனுக்கு நகை, எள்ளப்பட்டவனுக்கு அழுகை. சரி, கோபம் யாருக்கு? வெகுளிக்கு அங்கே கொடுக்கப்பட்டிருக்கும் காரணங்கள் வேறு. உறுப்பை அறுத்தல், குடிக்குக் கேடு செய்தல், அலைத்தல், கொலை. ஏளனம் அந்தப் பட்டியலில் இல்லை. ஏளனம் செய்யப்பட்டவன் அழலாம். கோபப்பட வேண்டுமானால் அவனுக்குக் கை வெட்டப்பட்டிருக்க வேண்டும், இல்லை குலத்துக்குக் கேடு வந்திருக்க வேண்டும். அப்பு, பெண் சிரித்தபோது அழுதான். உறுப்பும் குடியும் கொலையும் சொல்லப்பட்ட பிறகுதான் கோபப்பட்டான். கதை எழுதிய பஞ்சு அருணாசலமோ, கமல்ஹாசனோ, வசனம் எழுதிய கிரேஸி மோகனோ மெய்ப்பாட்டியலைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு சமூகத்தில் எவனுக்கு எந்த உணர்ச்சி அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பது புத்தகம் இல்லாமலேயே கைமாறிக்கொண்டு வரும்.

கொலைகள் தொடங்கியதும் படம் பிரமாதமாகிறது. இதையும் சொல்லியாக வேண்டும். சர்க்கஸில் கற்ற வித்தைகளே ஆயுதங்களாகின்றன. ஒன்று ஒன்றைத் தட்ட, அது இன்னொன்றை உருட்ட, கடைசியில் சாவு வந்து சேரும் அந்த யந்திர ஏற்பாட்டில், நம்மைச் சிரிக்கவைத்துப் பிழைத்தவனின் மூளை தன் தொழிலை விட்டு விலகாமலேயே கொல்கிறது. ஜனகராஜின் இன்ஸ்பெக்டர் தன் மேதாவிலாசத்தில் தானே மயங்கிக்கொண்டு எதிர்த் திசையில் துப்பறிகிறார். கறுப்பு ஹாஸ்யம் என்று தமிழ் சினிமாவில் காட்டக்கூடிய நிமிஷங்கள் சிலவே. அவற்றில் இவை சேரும்.

ஆனால் அந்த நான்கு பேரில் ஒருவர் நாகேஷ். இதை யாரும் போதுமான அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. கே. பாலசந்தரின் 'எதிர்நீச்சல்' (1968) படத்தில் மாடிப்படிக்குக் கீழே குடியிருந்து, ஒண்டுக்குடித்தனங்களுக்கு எல்லாம் எடுபிடி வேலை செய்து, மிச்சம் மீதியைச் சாப்பிட்டுக் கல்லூரிக்குப் போகும் அநாதை மாது அவர். அத்தனை வீடும் அவனை ஏவியது, திருடன் என்று சந்தேகித்தது. அவன் யாரையும் பழிவாங்கவில்லை, பட்டம் வாங்கினான். 1964இல் வந்த 'சர்வர் சுந்தர'த்தில் தட்டு ஏந்தியவன் சிரிப்பு நடிகனாகிப் புகழ் பெற்றான். அவன் காதலும் கைகூடவில்லை. அறுபதுகளின் நடுத்தர வர்க்கம் எள்ளப்பட்டவனுக்குக் கொடுத்த இரண்டு பரிசுகள் இவை: ஒன்று பரீட்சை, மற்றது புகழ். அம்மை வடுவும் ஒட்டிய கன்னமுமாக அந்த இரண்டு பரிசுகளையும் சுமந்த முகம், 21 வருஷங்கள் கழித்து, கோமாளியின் அப்பனைக் கொன்றவர்களில் ஒன்றாக வந்து அவன் கையாலேயே சாகிறது. இது தற்செயலாகவே இருக்கட்டும். மாடிப்படி மாது கடைசியில் எந்த மாடிக்கு ஏறிப் போனான் என்பதற்கு இதைவிடக் கொடூரமான பதிலை யாரும் யோசித்து எழுதியிருக்க முடியாது.

அப்புவாக நடித்தது யார் என்பதும் சின்ன விஷயமில்லை. முழங்காலை மடித்தாரா, பள்ளம் வெட்டினார்களா என்று அந்தப் படத்தைப் பற்றித் தமிழ்நாடு பேசியதில் பாதி, கமல் எப்படிக் குள்ளமானார் என்பதைப் பற்றித்தான். நிஜமாகவே உயரம் குன்றிய கலைஞர்களும் சர்க்கஸ் காட்சிகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முகம் உண்டு, கதை இல்லை. அவமானத்தை அனுபவித்தவர்கள் பின்வரிசையில் நிற்க, அதன் பழியை நட்சத்திரம் எடுத்துக்கொள்கிறார். அவருடைய உயரம் பத்திரமாக இருக்கிறது என்பதற்குச் சாட்சியாக மெக்கானிக் ராஜாவும் படம் முழுவதும் வந்து ஆடிப் பாடுகிறான். பத்து வருஷம் முந்திய 'கல்யாணராம'னிலும் (1979) இதே ஏற்பாடுதான். எத்துப்பல் கல்யாணம் வெகுளி, கொல்லப்படுகிறான். அவன் ஆவிக்குப் பழிவாங்க ஒரு ஒழுங்கான பல்வரிசை உள்ள இரட்டைப் பிறவி வேண்டியிருக்கிறது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்ரீதேவி நன்றாக இருந்தார்.

மேற்கில் இது எப்படி நடந்திருக்கிறது என்று பார்க்க ஆசை. எட்கர் ஆலன் போ 1849இல் எழுதிய 'ஹாப் ஃப்ராக்' கதையிலும் ஒரு குள்ளக் கோமாளி வருகிறான், நொண்டி வேறு. ராஜாவுக்கும் ஏழு மந்திரிகளுக்கும் பரிகாசம் என்றால் உயிர். அவனுக்குக் குடி ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தே குடிக்கவைத்து வேடிக்கை பார்ப்பார்கள். முகமூடி விருந்துக்கு ஒரு வேடிக்கை சொல்லு என்று கேட்கிறார்கள். அவன் எட்டுப் பேருக்கும் தாரும் சணலும் பூசி வாலில்லாக் குரங்கு வேஷம் கட்டி, சங்கிலியில் பிணைத்து, உயரத் தூக்கித் தீ வைத்துவிடுகிறான். கடைசி வரைக்கும் சபை அதை வேடிக்கை என்றே நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது. இங்கே எரிகிறவர்கள் யாருடைய தகப்பனையும் கொன்றதாகக் கதையில் இல்லை. சிரித்தவர்களே எரிகிறார்கள். போவுக்கும் ஒரு சின்னச் சாக்கு வேண்டியிருந்தது என்பதை மறைக்கக் கூடாது: கோமாளியின் தோழி முகத்தில் ராஜா மதுவை வீசுகிறான், கோமாளியின் பல் அப்போதுதான் நறநறக்கிறது. தனக்கு நேர்ந்ததற்காக மட்டும் ஒருவன் பல்லைக் கடிக்கலாம் என்று போவுக்கும் முழுத் தைரியம் வரவில்லை. கோகோலின் 'மேல்கோட்டு' (1842) குமாஸ்தா செத்து ஆவியான பிறகுதான் அதிகாரிகளின் கோட்டைப் பிடுங்குகிறான் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். குமாஸ்தாக்களுக்கு வேறு வழி ஏது?

'அபூர்வ சகோதரர்கள்' வந்த அதே 1989இல்தான் மைக்கேல் லேமனின் 'ஹெதர்ஸ்' அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் மற்றவர்களை நசுக்கும் மாணவ மாணவிகளை ஒரு பையனும் ஒரு பெண்ணும் கொன்று, தற்கொலை மாதிரி ஜோடித்துக் கடிதம் எழுதி வைக்கிறார்கள். விளைவு தலைகீழாகப் போகிறது. செத்த கொடுமைக்காரர்கள் மென்மையான ஆத்மாக்களாகிவிடுகிறார்கள். ஆசிரியர்கள் உருகுகிறார்கள், பெற்றோர் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று தங்கள் பெருந்தன்மையில் தாங்களே கரைகிறார்கள். நசுக்கியவர்களைக் கொல்லலாம், நசுக்குவதை ரசிக்கும் ஊரைக் கொல்ல முடியாது. அது செத்தவனையும் தின்று ஏப்பம் விடும் என்பது அந்தப் படத்தின் கறுப்பு. பிரயான் டி பால்மாவின் 'கேரி' (1976), அதில் ஹாஸ்யம் கிடையாது என்றாலும், இன்னும் ஒரு படி போனது. தலையில் பன்றி ரத்தம் கொட்டப்பட்ட பெண்ணின் கண்ணுக்கு எல்லோரும் சிரிக்கிறார்கள். பரிவு காட்டிய ஆசிரியையும் சேர்ந்து சாகிறாள். அநியாயம்தான். ஆனால் சிரிப்பொலி ஆளாளுக்குத் தனித்தனியாகக் கேட்பதில்லை என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

நம் பக்கத்தில் 1989இல் இன்னொன்றும் நடந்தது. 'கரகாட்டக்காரன்' வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. கவுண்டமணி ஒரு ரூபாய் கொடுத்து இரண்டு வாழைப்பழம் வாங்கி வரச் சொல்கிறார், செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கிறார், உதை விழுகிறது. அப்புவுக்காகக் கண் கலங்கிய அதே ஜனங்கள்தான் இதற்கும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். இரண்டிலும் அடிபடுகிறவன் உருவத்தால் ஏளனத்துக்குரியவன். முதலாவது கலை, இரண்டாவது ஆபாசம் என்று நம் சிறுபத்திரிகைக்காரர்கள் தீர்ப்பெழுதியிருக்கக்கூடும். எனக்கு இப்போது நேர்மாறாகத் தோன்றுகிறது. செந்திலின் பாத்திரம் யாருடைய மகனும் இல்லை, முகமூடியும் இல்லை. அவன் தன் முட்டாள்தனத்தையே ஆயுதமாக்குகிறான். மீதிப் பழம் எங்கே என்ற கேள்விக்கு, கையில் இருக்கும் பழத்தையே திரும்பத் திரும்பப் பதிலாகச் சொல்லி, கேட்டவனைப் பைத்தியமாக்குகிறான். அடி விழுகிறது, வாஸ்தவம். பழம் அவன் வயிற்றில் இருக்கிறது. அடித்தவனுக்கு மூச்சு வாங்குகிறது. பெரிய பழி இல்லை. ஒரு வாழைப்பழம் அளவுக்கான பழி. ஆனால் அது அவனுடைய சொந்தப் பழி.

இந்த வம்சம் எங்கிருந்து வருகிறது என்பது எங்கள் ஜில்லாவில் கோயில் திருவிழா பார்த்தவர்களுக்குத் தெரியும். விடிய விடிய நடக்கும் 'வள்ளி திருமணம்' ஸ்பெஷல் நாடகத்தில், முருகனும் நாரதரும் வருவதற்கு முன்னால் பபூன் வந்துவிடுவார். தன் ஏழ்மை, தன் அழகின்மை, தனக்குப் பெண் கிடைக்காதது எல்லாவற்றையும் தானே சொல்லிச் சிரிக்கவைப்பார். பிறகு டான்ஸ்காரப் பெண்ணிடம் வசை வாங்குவார். இடையில் முன்வரிசையில் துண்டு போட்டு உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர் ஒருவரை ஒரே வாக்கியத்தில் வாரிவிட்டு, அவர் முறைப்பதற்குள் ஹார்மோனியக்காரர் பக்கம் திரும்பிவிடுவார். சிரித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று சிரிக்கப்படும் பொருளாகிவிடுகிற அந்த ஒரு வினாடி சினிமாவில் இல்லாமல் போனதற்குக் கலைக் காரணம் எதுவும் தேட வேண்டாம். திரையில் இருப்பவன் நம்மைப் பார்ப்பதில்லை. இருட்டில் நாம் பத்திரமாக இருக்கிறோம்.

ஒரே ஒரு முறை, ஒரு அறை, அந்த இருட்டில் வந்து விழுந்தது. பாரதிராஜாவின் '16 வயதினிலே' (1977). ஊர் முழுவதும் சப்பாணி என்று கூப்பிடும் அந்தக் கால் விளங்காதவனிடம், உன் பெயர் கோபாலகிருஷ்ணன், இனி யாராவது சப்பாணி என்றால் அறைந்துவிடு என்று மயில் சொல்லிக் கொடுக்கிறாள். அவன் அறைந்தும்விடுகிறான். படம் பார்த்தவர்கள் பரட்டையின் தலையில் அவன் கல்லைப் போட்ட காட்சியைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கல் முக்கியமாகப் படவில்லை. அது மயிலின் மானத்துக்காக விழுந்த கல். எந்தக் கதாநாயகனும் போட்டிருப்பான். அறை அப்படியில்லை. அது ஒரு பெயருக்காக விழுந்தது. அப்பனைக் கொன்றதற்காக இல்லை, உறுப்பை அறுத்ததற்காக இல்லை. சப்பாணி என்று சொன்னதற்காக. இளிவு அழுகையைத் தாண்டி நேராக வெகுளிக்குப் போன அபூர்வமான இடம். அது வரைக்கும் படத்தில் எத்தனை பேர் அவனை அப்படிக் கூப்பிட்டார்கள், நாம் அதைக் கேட்டு எத்தனை முறை சிரித்தோம் என்று யோசித்தால், கன்னத்தைத் தடவிக்கொள்ள வேண்டியது பரட்டை மட்டும் இல்லை. என்ன செய்வது, இன்றைக்கும் அந்தப் பாத்திரத்தை எல்லோரும், இதை எழுதும் நான் உட்பட, சப்பாணி என்றே குறிப்பிடுகிறோம்.

எள்ளப்பட்டவன் மீது நான் கண்மூடித்தனமான பக்தி வளர்ப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' (2011) அதற்கு மருந்து. ரவுடிக் கும்பலில் எல்லோரும் ஏவுகிற, ஏய்க்கிற பையனுக்குப் பெயரே சப்பை. தலைவன் சிங்கப்பெருமாளின் பிடியில் இருக்கும் சுப்புவும் அவனும் நெருங்குகிறார்கள். இரண்டு அடிமைகள் சேர்ந்து தப்பிக்கும் கதை என்று நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். கடைசியில் சப்பையைச் சுடுவது சுப்புதான். எல்லோருக்கும் கீழே இருப்பதாக நாம் நினைத்தவனுக்கும் கீழே ஒருத்தி இருந்தாள். நாம் அவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தபோது அவள் அவனையும் மற்ற ஆண்களோடு ஒரே வரிசையில் நிறுத்தி எடை போட்டுக்கொண்டிருந்தாள். மிதிபட்டவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்ற நம் பழைய கண்ணீருக்கு இதைவிடத் தீர்மானமான பதில் தமிழில் வரவில்லை. இதில் முகமூடி போட்டிருந்தவள் அவள்தான் என்பதால் என் முதல் ஆட்சேபம் இங்கும் செல்லுமே என்று கேட்கலாம். செல்லும். ஆனால் அவளைப் பார்த்து நாம் சிரிக்கவில்லை. அவளை நாம் கவனிக்கவே இல்லை. அது வேறு குற்றம்.

மடோன் அஷ்வினின் 'மண்டேலா' (2021) என் வாதத்துக்கு மிக அருகில் வந்து நிற்கும் படம். மகாராஜாவைப் போல இவனும் சவரத் தொழிலாளி. இந்தத் தொழிலைச் சேர்ந்தவர்களையே நம் சினிமா இரண்டு முறை தேர்ந்துகொண்டதில் ஆச்சரியம் இல்லை. ஊர் யாரிடம் கழுத்தை நீட்டுகிறதோ அவனைத்தான் பின்வாசல் வழியாக வரச் சொல்கிறது. இவனுக்குப் பெயர் கிடையாது. இளிச்சவாயன் என்பார்கள். மரத்தடியில் வாசம். சேர்த்த பணம் திருட்டுப் போகிறது என்று தபால் ஆபீசில் கணக்குத் தொடங்கப் போகிறான். பெயர் கேட்கிறார்கள், அடையாள அட்டை கேட்கிறார்கள். தபால்காரப் பெண் தேன்மொழிதான் நெல்சன் மண்டேலா என்று பெயர் வைத்து அட்டை வாங்கித் தருகிறாள். உள்ளாட்சித் தேர்தலில் இரண்டு தரப்புக்கும் சம வாக்கு. இவன் ஒரு வாக்கு மிச்சம். நேற்று வரை கழிப்பறை கழுவச் சொன்னவர்கள் இன்று விருந்து வைக்கிறார்கள். அவன் சப்புக்கொட்டித் தின்கிறான். இந்தப் பகுதி அசலான கறுப்பு நகைச்சுவை, யோகி பாபுவின் முகம் அதில் ஒரு வார்த்தையும் வீணாக்கவில்லை. அவனிடம் முகமூடியும் இல்லை, கொல்லப்பட்ட அப்பனும் இல்லை. பிறகு அவனுக்கு விவேகம் வந்து ஊருக்குச் சாலையும் விளக்கும் கேட்கத் தொடங்கியதும் படம் நல்ல படமாகிவிடுகிறது. ஏளனம் செய்த ஊருக்கே அவன் தொண்டு செய்ய வேண்டியிருக்கிறது, ஊர் திருந்திவிடுகிறது. இங்கேயும் சிரித்தவர்கள் தப்பிவிட்டார்கள். அவன் யாருக்கு வாக்களித்தான் என்று படம் சொல்லாமல் விட்டது மட்டும் அவனுக்கு மிஞ்சிய அந்தரங்கம். அதுவே அவன் பழி என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்வேன்.

தபால் ஆபீஸ் காட்சியைப் பார்த்தபோது எனக்கு உட்கார முடியவில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவனின் படங்களைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டேன். நான் உட்கார்ந்திருப்பது இந்தப் பக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-92இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள், சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அப்போது கையெழுத்துக் கற்றுக்கொண்ட ஒரு அம்மாள் முதியோர் உதவித்தொகை எடுக்க என் கவுண்டருக்கு வருவதுண்டு. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் கையெழுத்து ஒரு மாதம் போல் மறு மாதம் இருக்காது. அன்றைக்கு மூன்று முறை போட்டும் மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துவரவில்லை. பின்னால் நீளமான வரிசை. "ஆத்தா, ரேகையை வச்சிட்டுப் போயேன்" என்றேன். போங்களேன் என்று வாயில் வரவில்லை. கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும். வரிசையில் யாரோ, ஆத்தா ஆட்டோகிராப் போடுது என்றார், எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். மைப்பெட்டியை என் பக்கமாகவே தள்ளிவைத்தார். இன்னொரு சீட்டு கேட்டு வாங்கிக்கொண்டார். மடியிலிருந்து கண்ணாடியை எடுத்து, முந்தானையில் துடைத்து, மாட்டிக்கொண்டார். பேனாவைக் கீழே ஒரு முறை எழுதிப் பார்த்தார். பிறகு கவுண்டர் பலகையை விட்டு ஒரு அங்குலமும் நகராமல், முதல் எழுத்தின் சுழியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திப் போட்டார். வரிசையில் பதினோரு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். உணவு இடைவேளைக்கு ஆறு நிமிஷம் இருந்தது.